தினமும் ஓட்டும் காரை ராலிக்கு மாற்றலாமா?

ராலி ஓட்டும் ஆசை வந்தவுடன் கண் முதலில் போவது வாசலில் நிற்கும் சொந்தக் கார் மேல்தான். சின்ன ஹாட்ச்பேக். எடை குறைவு, எஞ்சின் நன்றாக இருக்கிறது, அதன் குணமும் பழகிவிட்டது. ஒரு ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் கூரை அமுங்காமல் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு), உடலை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும் இரண்டு பக்கெட் சீட், நல்ல டயர் போட்டால் போதாதா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன்படி ஒரு காரை மாற்றத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். பிறகு வேறொரு காரை முழுதாகக் கட்டி முடித்தேன். இன்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: சின்னக் காரைத் தாராளமாக மாற்றலாம், ஆனால் திங்கள்கிழமை வேலைக்குக் கொண்டுபோக வேண்டிய காரை மாற்றாதீர்கள். மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

சின்னக் கார் என்பதில் யாருக்கும் தயக்கம் வேண்டாம். 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் வென்ற மினி கூப்பரின் எஞ்சின் 1071 சிசிதான். அடுத்த ஆண்டு டிமோ மாக்கினனும், 1967இல் ரௌனோ ஆல்டோனனும் அதே ராலியை மினியில் வென்றார்கள். அவர்களுக்கு முன்பே எரிக் கார்ல்சன் 841 சிசி, மூன்று சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட சாப் 96இல் 1962, 1963 மான்டி கார்லோக்களை வென்றிருந்தார். எடை குறைந்த கார் சீக்கிரம் நிற்கும், டயரையும் பிரேக்கையும் மெதுவாகத் தின்னும், சஸ்பென்ஷன் மேல் விழும் அடியும் குறைவு. அமெச்சூருக்கு இதெல்லாம் கூடுதல் குதிரைத்திறனை விட அதிகம் உதவும். கார்ல்சனுக்கு இன்னொரு பெயரும் உண்டு: காரை அடிக்கடி கவிழ்த்ததால் 'கூரை மேல் கார்ல்சன்' என்று அழைத்தார்கள். ராலியில் கார் கவிழ்வது நடக்கக்கூடிய விஷயம். காரை மாற்றும் முடிவில் பாதி இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கிறது.

எந்த ராலி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ராலி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விளையாட்டுகள் நடக்கின்றன. ஒன்று டிஎஸ்டி, அதாவது நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டு ஓட்டுவது. திறந்த சாலையில், போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டு, அமைப்பாளர் சொல்லும் சராசரி வேகத்தைப் பிசகாமல் பிடிக்க வேண்டும். சராசரி 36 கிமீ என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி. 45 கிமீ என்றால் 80 விநாடி. முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அபராதம்.

இன்னொன்று ஸ்டேஜ் ராலி. பொதுப் போக்குவரத்தை அடைத்த பாதையில் முழு வேகத்தில் ஓட்டுவது. ரோல் கேஜ், ஹெல்மெட், தீயணைப்புக் கருவி எல்லாம் இதற்குத்தான்.

டிஎஸ்டிக்குக் காரை மாற்றவே வேண்டாம். இதைத் தெரியாமல் காரைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்க வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் நல்ல டயர், கிலோமீட்டரைத் துல்லியமாகக் காட்டும் ஒரு டிரிப் மீட்டர், கணக்கில் கெட்டியான ஒரு நேவிகேட்டர் இருந்தால் போதும். சொல்லப்போனால் மாற்றினால் தொல்லைதான். டயர் அளவை மாற்றினால் ஓடோமீட்டர் காட்டும் தூரம் தவறும். 2 சதவீதப் பிழை சின்னதாகத் தெரியலாம். 20 கிலோமீட்டர் ஓடும்போது அது 400 மீட்டர், சராசரி 36இல் 40 விநாடி. ஒவ்வொரு விநாடிக்கும் புள்ளி போகும் போட்டியில் அதற்குப் பிறகு மேலே வர வழியில்லை.

ஆகவே ஆசை டிஎஸ்டியோடு நின்றுவிடும் என்றால் கேள்வி இங்கேயே முடிந்தது. கார் அப்படியே இருக்கட்டும். இனிச் சொல்வது ஸ்டேஜ் ராலிக்கு.

தினசரிக் காரையே மாற்றுவது

இதில் உள்ள ஈர்ப்பு எனக்குத் தெரியும். புதிதாகக் கார் வாங்க வேண்டாம், நிறுத்த இன்னொரு இடம் வேண்டாம். அதோடு ராலி காரும் சாலையில் ஓடப் பதிவான காராகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் பொதுச் சாலையில்தான் போகிறோம். அப்படியானால் வார நாளில் அதையே ஓட்டினால் என்ன என்று தோன்றுவது நியாயம்தான்.

சிக்கல் ரோல் கேஜில் தொடங்குகிறது. கேஜ் குழாய்கள் தலைக்கு மிக அருகில் ஓடும். அந்தக் குழாய்களைச் சுற்றிப் போடும் பேடிங்கும் ஹெல்மெட் அணிந்த தலை மோதும் என்ற கணக்கில் செய்தது. ஹெல்மெட் இல்லாமல் வேலைக்குப் போகும்போது பக்கவாட்டில் ஒருவர் வந்து இடித்தால், மண்டை போய் அடிப்பது எஃகுக் குழாயில். சாதாரணக் காரில் அந்த இடத்தில் ஏர்பேகும் மடங்கிக் கொடுக்கும் உட்பூச்சும் இருந்திருக்கும். ராலிக்குக் கட்டும்போது அவற்றைக் கழற்றிவிடுகிறோம். போட்டியில் உயிரைக் காக்கும் அதே கேஜ், ஹெல்மெட் இல்லாத தலைக்கு ஆபத்து. பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

சரி, கேஜ் வேண்டாம், ஹார்னஸும் (போட்டிக் கார்களுக்கான பல பட்டை பெல்ட்) பக்கெட் சீட்டும் மட்டும் போடலாம் என்று சிலர் பாதி வழியில் நிற்பார்கள். அது இன்னும் மோசம். சாதாரண சீட் பெல்ட்டில் கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால் உடல் கொஞ்சமாவது சாய இடமிருக்கும். ஹார்னஸ் தோள் இரண்டையும் சீட்டோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே கேஜ் இல்லையென்றால் இறங்கி வரும் கூரைக்கும் தலைக்கும் நடுவே எதுவும் இருக்காது. கேஜ், சீட், ஹார்னஸ், ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் என ஐந்தும் சேர்ந்துதான் வேலை செய்யும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் போடக் கூடாது.

அப்புறம் அன்றாடத் தொல்லைகள். எடையைக் குறைக்கத் தரைவிரிப்பையும் ஒலித்தடுப்பையும் பிரித்துவிட்டால் ஒவ்வொரு சிறு கல்லும் வீல் ஆர்ச்சில் அடிப்பது காதுக்குள் கேட்கும். பக்கெட் சீட்டின் தோள் மடல்கள் சந்திப்புகளில் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். வழக்கமான காப்பீட்டுப் பாலிசி போட்டிகளுக்குப் பொருந்தாது. இவ்வளவு மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் சாலையில் நடக்கும் விபத்துக்கும் அது கைகொடுக்காமல் போகலாம்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய காரில் யாரும் ஸ்டேஜில் மனம் விட்டு ஓட்ட முடியாது. கல் தெறிக்கும் ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்துவிடுமோ, ரேடியேட்டர் ஓட்டையாகுமோ என்று கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். என் முதல் காரில் எனக்கு அப்படித்தான் இருந்தது. அதில் ஓட்டிய சின்னப் போட்டிகளில் எனக்குக் கிடைத்தது பயம் மட்டுமே, வேகமோ மகிழ்ச்சியோ இல்லை. வார நாளிலும் அது முதுகைக் குடையும் காராக ஆகிவிட்டது.

அந்தக் காரைப் பாதியில் விட்டதற்கு நேரடிக் காரணம் ஒரு கேஜ். பக்கத்தில் கிடைத்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கும் வகைக் கேஜ் ஒன்றைக் கட்டினேன். பார்க்க அழகாக, பளபளவென்று இருந்தது. என் முதல் ஸ்டேஜ் ராலியில் ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது போட்டிக்கு முன் காரைச் சோதிப்பதற்கு, வந்தவர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. குழாயின் விட்டத்தைக் கருவி வைத்து அளந்தார், தரையில் பதித்த தகட்டை அளந்தார், குழாய் எந்த எஃகு என்பதற்குக் காகிதம் கேட்டார். என்னிடம் எதற்கும் பதில் இல்லை. அன்று ஸ்டார்ட் கோட்டைத் தாண்டாமலே வீடு திரும்பினேன்.

பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் இணைப்பு ஜே, பிரிவு 253இல் எல்லாம் தெளிவாக இருக்கிறது. மடிப்பில்லாத, குளிர் நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய், குறைந்தது 350 நியூட்டன்/சதுர மிமீ இழுவிசை வலிமை. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மிமீ விட்டமும் 2.5 மிமீ தடிப்பும், அல்லது 50 மிமீ விட்டமும் 2 மிமீ தடிப்பும். மற்றக் குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. கேஜ் குழாயின் பாதம் தரையில் உட்காரும் இடத்தில் குறைந்தது 3 மிமீ தடிப்பில் 120 சதுர செமீ தகடு, அதில் குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 தரத்தில். உங்கள் நாட்டு மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் இதில் சிலவற்றைக் கூட்டலாம், அமெச்சூர் வகுப்புகளுக்குச் சிலவற்றைத் தளர்த்தலாம். கேஜ் கட்டுபவரிடம் போவதற்கு முன் அந்த விதிப்புத்தகத்தின் இந்த ஆண்டுப் பதிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் போன பிறகு வாங்கினேன்.

இரண்டாவது காரை நீங்களே கட்டுவது

இதுதான் நான் பிறகு செய்தது. ஓரளவு பழைய, அதிகம் விற்ற, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும் ஒரு சின்னக் காரை வாங்கிக் கட்டுவது. 'அதிகம் விற்ற' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ராலியில் உடைவது லோயர் ஆர்ம், டை ராட், டிரைவ் ஷாஃப்ட், வீல் பேரிங், எஞ்சின் மவுன்ட், ரிம். இவை பழைய பாகக் கடையில் குவியலாகக் கிடைக்கும் காராக இருந்தால் ஓட்டும் காலம் முழுக்க நிம்மதி. அரிதான, வேகமான மாடலைத் தேடிப் பிடித்தவர்கள் ஒரு டிரைவ் ஷாஃப்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

எஞ்சினை விட பாடியைப் பார்த்து வாங்குங்கள். எஞ்சினை மாற்றிவிடலாம், துருப்பிடித்த பாடியில் கேஜை வெல்டு செய்வது மணலில் தூண் நடுவதற்குச் சமம். கதவுகளுக்குக் கீழே ஓடும் சில்லின் அடிப்பகுதி, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் ஸ்ட்ரட் டவர், பின் சஸ்பென்ஷன் இணையும் இடம், தரையும் பக்கச் சுவரும் சேரும் மூலை, இவற்றைச் சுரண்டிப் பாருங்கள்.

செலவை எந்த வரிசையில் செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் பாதுகாப்பு: கேஜ், சீட், ஹார்னஸ், தீயணைப்புக் கருவி, வெளியிலிருந்தும் இழுக்கக்கூடிய மின் துண்டிப்பு ஸ்விட்ச். அடுத்தது பிரேக். பெரிய டிஸ்க் வேண்டியதில்லை. நல்ல பேட், மேலே வலைப்பின்னல் போட்ட பிரேக் குழாய், புதிய பிரேக் திரவம் போதும். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த உத்தரவாதம் 155 டிகிரியாக இறங்கிவிடும். மலையிறக்க ஸ்டேஜில் பெடல் தரையைத் தொடுவது இதனால்தான். போட்டிக்கு முன் மாற்றுவதற்கு ஆகும் செலவு அற்பம்.

மூன்றாவது ஷாக் அப்சார்பரும், எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் சம்பைக் கல்லிலிருந்து காக்கும் சம்ப் கார்டும். மண் பாதையில் சாதாரண ஷாக் அப்சார்பர் சில கிலோமீட்டரிலேயே சூடாகித் தளர்ந்துவிடும், அதன்பின் கார் துள்ளுவதை ஸ்டீயரிங்கால் அடக்க முடியாது. கையில் மிச்சமிருக்கும் பணத்தில் பெரும்பகுதியை இங்கே போடுங்கள், ஒரு விநாடிகூட யோசிக்க வேண்டாம். சம்ப் கார்டைச் சப்ஃபிரேமில் பொருத்த வேண்டும், ஆயில் சம்போடு ஒட்டி உட்காரவும் கூடாது. இடைவெளி இல்லையென்றால் கல் கார்டில் கொடுக்கும் அடி நேராகச் சம்புக்குப் போய்விடும்.

எஞ்சின் கடைசி. முதல் இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலை அமைத்த எஞ்சின் ஸ்டேஜின் முடிவு வரை ஓடும். ஆசைப்பட்டுத் திறந்த எஞ்சின்களில் எத்தனையோ பாதி வழியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இந்தக் கார் கட்டி முடிக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது, கிட்டத்தட்ட எல்லா வார இறுதியும் அதில் போயிற்று. அந்த நாட்களை நான் இழப்பாக நினைக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் கைக்குத் தெரிந்த காரில் இரவு சர்வீஸ் பார்க்கில் (ஸ்டேஜ்களுக்கு நடுவே காரைப் பழுதுபார்க்கும் இடம்) டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்ப்பது வேறு மாதிரி நம்பிக்கை தரும். ஆனால் ஓட்டுவதுதான் உங்கள் ஆசை, ஸ்பேனர் பிடிப்பது வெறும் தேவை என்றால், இந்த வழி உங்களைச் சோர்வாக்கிவிடும். பாதியில் நின்ற ராலி கார்கள் அவ்வளவு விற்பனைக்கு வருவதற்கு அதுவே காரணம்.

கட்டிய காரை வாங்குவது

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதுவே மலிவு. கேஜ், சீட், ஷாக் அப்சார்பர், டிரிப் மீட்டர், இன்டர்காம் என்று தனித்தனியாக வாங்கும் விலையைக் கூட்டினால், அவையெல்லாம் பொருத்திய பழைய ராலி கார் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் விற்கும். வேலை நேரத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. விற்பவர் உதிரிபாகங்களையும் சேர்த்துக் கொடுத்தால், கூடுதல் ரிம்கள், இரண்டு கியர்பாக்ஸ், ஒரு பெட்டி நிறைய ஆர்ம்கள் என்று வந்தால், அது பெரிய வரவு.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கேஜுக்குக் காகிதம் இருக்கிறதா, அது இன்றைய விதிக்குள் வருமா என்பது முதல் கேள்வி. சீட்டிலும் ஹார்னஸிலும் லேபிளைப் படியுங்கள். எஃப்ஐஏவின் 8855-1999 தரத்துச் சீட்டுக்குத் தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுதான் ஆயுள். அதைத் தாண்டிய சீட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஸ்க்ரூட்டினியில் நிற்காமல் போகலாம், அதன் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும். டேப் எடுத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் கார் ஏதோ ஒரு மரத்தைச் சந்தித்திருக்கிறது. ஸ்ட்ரட் டவரைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தால் கீழே உலோகமும் வெடித்திருக்கலாம். கேஜ் குழாயில் நசுங்கல் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள். அடுத்த வகுப்புக்குப் போகிறவர், குடும்பம் பெரிதானவர் சொல்லும் காரணம் சரிபார்க்க எளிது. பாதியில் நின்ற காரும் நல்ல வாய்ப்புதான், கேஜ் வேலை முடிந்து காகிதத்தோடு இருந்தால். கேஜே பாதியில் நின்றிருந்தால் தொட வேண்டாம்.

வாடகையும், பக்கத்து இருக்கையும்

ஒரு ராலிக்கு மட்டும் வாடகைக்குக் கார் எடுக்கலாம். ஒரு நாள் செலவாகப் பார்த்தால் அதிகம், சேதத்துக்கான முன்பணமும் கேட்பார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு போட்டிதான் முடியும் என்பவர் இழுத்துச் செல்லும் வண்டி, டிரெய்லர், நிறுத்த இடம், ஆண்டு முழுக்கப் பராமரிப்பு என்று கூட்டிப் பார்த்தால், வாடகையே தோதாக வரலாம். ஒருமுறை ஓட்டிப் பார்த்து ஆசை அப்படியே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் இது நேர்மையான வழி.

யாரும் சொல்லாத இன்னொரு வழி கோ-டிரைவராக உட்காருவது. ஹெல்மெட், ஹான்ஸ், தீத்தாங்கும் உடை, ஷூ வாங்க வேண்டும். இவை பிறகு நீங்கள் ஓட்டும்போதும் உங்களுடையவையே. கார் செலவு பெரும்பாலும் ஓட்டுநருடையது. வழிகாட்டும் ரோடு புக் படிப்பது, வரும் வளைவுகளைக் குறித்துவைத்த பேஸ் நோட்ஸைச் சரியான நேரத்தில் ஓட்டுநருக்குச் சொல்வது, வந்த நேரத்தைப் பதியும் டைம் கன்ட்ரோலில் கார்டை நீட்டுவது எல்லாம் கைவசமாகும். எஃப்ஐஏ விதிப்படி டைம் கன்ட்ரோலுக்குப் பிந்தினால் ஒரு நிமிடத்துக்கு 10 விநாடி அபராதம், முந்தினால் ஒரு நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். முதல் முறை ஓட்டுபவர்கள் அவசரப்பட்டு உள்ளே நுழைந்து இதில் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சீசன் உட்கார்ந்தவர் அந்தத் தவறைச் செய்ய மாட்டார். எந்தக் கார் எங்கே உடைகிறது, யாருடைய கேஜ் வேலை நம்பகமானது, எந்தக் கார் விற்பனைக்கு வரப்போகிறது என்பதும் சர்வீஸ் பார்க்கில்தான் காதில் விழும்.

நான் இப்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால், ஓர் ஆண்டு தினசரிக் காரை அப்படியே வைத்து டிஎஸ்டி ஓட்டுவேன். அதே ஆண்டு ஒன்றிரண்டு ஸ்டேஜ் ராலியில் கோ-டிரைவராக உட்காருவேன். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், காகிதம் சரியாக உள்ள, கட்டி முடித்த சின்னக் கார் ஒன்றை வாங்குவேன். கைவேலையில் உண்மையான விருப்பம் இருப்பவருக்கு மட்டும், இரண்டாவது காரை வாங்கிக் கட்டுங்கள் என்பேன்.

இன்றைய உங்கள் காரையே மாற்றலாம் என்று நான் சொல்லும் நிலை ஒன்றுதான்: வீட்டுக்கு வேறு கார் வந்துவிட்டது, பழையதை விற்றாலும் பெரிதாகப் பணம் வராது, ஒரு மரத்தில் மோதி அது முழுதாகப் போனாலும் வீட்டில் யாருடைய அன்றாடமும் நிற்காது. அப்படியானால் கேஜுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை சீட், தரைவிரிப்பு, பக்கப் பலகை எல்லாவற்றையும் கழற்றி, காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு சுத்தியும் விளக்கும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துச் சில்லை ஓரமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் அந்தக் காரைக் கட்டலாம். மொத்தென்று கேட்டாலோ துரு உதிர்ந்தாலோ எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி, வேறு பாடியைத் தேடுங்கள்.